அவரவர் பங்கு

மதகுக்காரர் பணி ஓய்வு பெற இன்னும் இருபத்திரண்டு நாட்கள் இருந்தபோது அலுவலகத்திலிருந்து ஒரு சான்றிதழ் வந்தது. முப்பத்தொரு வருடப் பணியில் அவர்மீது எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதி, முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். அவருடைய மனைவி அதை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, கசங்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அவருக்கோ அதைக் கையால் தொடவே கூசியது.

காரணத்தைத் தெரிந்துகொள்ள இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

அவர் வேலை பார்த்த தடுப்பணையில் ஒன்பது மதகுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இரும்புக் கதவு, ஒரு மோட்டார், ஒரு பொத்தான். மேலணையிலிருந்து தொலைபேசியில் உத்தரவு வரும்: நாலாம் மதகை இத்தனை அடி தூக்கு, ஏழாம் மதகை இறக்கு. தூக்குவதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. முதலில் மூன்று முறை அபாயச் சங்கு ஊத வேண்டும். காதைப் பிளக்கும் அந்தச் சங்கொலி ஆறு முழுக்கக் கேட்கும். பிறகு கரையோடு இருநூறு அடி தூரம் நடந்துபோய், ஆறு திரும்புகிற இடத்தில் நின்று, கீழே படுகையில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் பொத்தான். அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் கதவு ஏறும். விரலை எடுத்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

சங்கு கெட்டுப்போய் ஏழு வாரம் ஆகியிருந்தது. மதகுக்காரர் சும்மா இருக்கவில்லை. பொறியாளருக்கு மூன்று தடவை கடிதம் எழுதினார். கார்பன் தாள் வைத்து எழுதி, நகலில் அலுவலக முத்திரையும் வாங்கிக்கொண்டார். "மேல எழுதியிருக்கோம், வரும்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. சங்கு இல்லாத நாட்களில் கரையோடு நடந்துபோய்ப் பார்ப்பது இன்னும் அவசியம் என்று அவருக்குத் தெரியாதா என்ன? முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் நடந்தார். இரண்டாம் வாரம் முழங்கால் வலித்தது. பாதி தூரம் போய்த் திரும்பினார். மூன்றாம் வாரத்திலிருந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதோடு சரி. ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆறு திரும்பும் இடம் வரைக்கும் வெறும் மணல்தான் தெரியும். அதற்கு அப்பால் தெரியாது. ஆனாலும் ஒன்றும் ஆகவில்லை. நாலு வாரம் ஒன்றும் ஆகாமல் போனதும் அதுவே பழக்கமாகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். உத்தரவு வந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தார். இடது கையில் தேநீர்க் குவளை. வலது கை ஆட்காட்டி விரலால் நாலாம் மதகின் பொத்தானை அழுத்தினார். கதவு கிரீச்சிட்டுக்கொண்டு ஏறியது, தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. அப்போது எங்கோ ஒரு வண்டியின் ஹாரன் கேட்டது. விட்டு விட்டு நாலு தடவை. பிறகு நீளமாக ஒரு தடவை. பாலத்துச் சாலையில் எவனோ அவசரக்காரன் வழி கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டார். விரலை எடுக்கவில்லை.

திருப்பத்துக்கு அப்பால் ஒரு வேன் ஓட்டுநர் மணலில் வண்டியை இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தார். கூட அவருடைய ஒன்பது வயது மகள் வந்திருந்தாள். அவளை வண்டிக்குள் உட்கார வைத்துவிட்டு அவர் பின்சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மாலையில் அவருடைய உடலைக் கண்டெடுத்தது ஒன்றரை மைல் தள்ளி. வேன் பக்கவாட்டில் சாய்ந்து பாறையில் முட்டிக்கொண்டு கிடந்தது. குழந்தை உள்ளேயே இருந்தாள்.

பொறியாளர் அன்று சாயங்காலமே ஜீப்பில் வந்து இறங்கினார். வயதில் சின்னவர், மதகுக்காரரைவிடப் பதினைந்து வயது குறைவு. முகம் வெளிறிப்போயிருந்தது. கட்டுப்பாட்டு அறையின் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"பெரியவரே, கரைக்குப் போய்ப் பாத்தீங்களா இல்லையா?"

"இல்ல சார்."

"இத வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப நல்லா கேளுங்க. நீங்க பாத்தீங்க. சங்கும் ஊதினீங்க. ரெண்டுல ஒண்ணு இல்லைன்னாலும் நீங்க உள்ள போவீங்க. சங்கு இல்லைன்னா கூடவே நானும் வருவேன். அந்த லெட்டர் எல்லாம் என் மேசையிலதான் இருக்கு. அது எங்கயும் போகாம நான் பாத்துக்கறேன்."

அந்தப் பக்கம் வீடு வாசல் கிடையாது. சங்கு ஊதியதா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்கள் வந்து சங்கைச் சரிசெய்துவிட்டுப் போனார்கள். ஏழு வாரம் நடக்காதது ஒரே இரவில் நடந்தது. விசாரணையில் பொறியாளர் சொல்லிக்கொடுத்ததை மதகுக்காரர் அப்படியே சொன்னார். குறிப்பேட்டில் ஒரு பக்கத்தைப் புதிதாக எழுதினார். கடைசியில் அறிக்கை வந்தது: எச்சரிக்கைச் சங்கு ஒலித்தும் அதைப் பொருட்படுத்தாமல், தடை செய்யப்பட்ட படுகையில் வாகனத்தை நிறுத்திய ஓட்டுநரின் அஜாக்கிரதையே விபத்துக்குக் காரணம்.

அதாவது, பெற்ற மகளைக் கொன்றது அப்பன்தான்.

அந்த வாக்கியம் மதகுக்காரரை நிம்மதியாக இருக்கவிடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காது. பேச்சு பாதியில் நின்றுவிடும். "ஏங்க, எங்க போயிட்டீங்க?" என்று மனைவி தோளைத் தொடுவாள். விசாரணையில் பார்த்த ஓட்டுநரின் மனைவி கண்ணை விட்டுப் போகவில்லை. அறிக்கையை வாசித்தபோது அவள் அழவில்லை. "சங்கு ஊதுச்சுன்னா அவரு வந்திருப்பாரே" என்று பக்கத்திலிருந்த காவலரிடம் வழி விசாரிப்பதைப் போலச் சொன்னாள். காவலர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் கடைவீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். மதகுக்காரர் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார். மருந்துக்கடைக்குப் போக நேர் வழி அதுதான். இரண்டு வருடமாகச் சுற்றிக்கொண்டு போனார்.

சான்றிதழ் வந்த மறுநாள் அவர் ஒரு பிரார்த்தனைக் கூடத்துக்குப் போனார். அவர் பக்திமான் இல்லை. வேறு எங்கே போவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். அங்கே ஒருவர் வருகிறவர்களின் மனக்குறைகளைத் தனியாகக் கேட்டு ஆறுதல் சொல்வார். மதகுக்காரர் ஒன்றுவிடாமல் சொன்னார், ஹாரனைத் தவிர. ஹாரனைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

ஆறுதல் சொல்பவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு மதகுக்காரரின் தலையில் கை வைத்தார். "நீங்க மனசார வருந்திட்டீங்க. கடவுள் உங்களை மன்னிச்சாச்சு. இனிமே இந்தப் பாரத்தைச் சுமக்காதீங்க. ஆத்மாவைக் கழுவிட்டீங்க, நிம்மதியாப் போங்க."

மூன்று நாள் உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. சோறு இறங்கியது. மனைவியிடம் ஒரு பழைய வேடிக்கையைச் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தார். நாலாம் நாள் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கேள்வி வந்து நின்றது. அந்தத் தாயிடம் கேட்காமலா? என் வீட்டுக் கதவை ஒருவன் உடைத்தால், பக்கத்து வீட்டுக்காரர் வந்து 'பரவாயில்லை, போ' என்று அவனை அனுப்பிவிட முடியுமா? கடவுள் பக்கத்து வீட்டுக்காரர் இல்லைதான். எல்லா வீடும் அவருடையது என்று சொல்வார்கள். இருந்தாலும் அந்த வீட்டில் குடியிருந்தவள் ஒருத்தி இருக்கிறாளே. அவளைத் தாண்டிக்கொண்டு வந்து தன் தலையில் விழுந்த மன்னிப்பு, சொல்லாமல் எடுத்துக்கொண்டு வந்த பொருள்போல அவரை உறுத்தியது. பாதி மழித்த முகத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்று பிற்பகல் அவர் அந்தத் தெருவுக்குப் போனார்.

கடையில் வேறு யாரும் இல்லை. ஓட்டுநரின் மனைவி இயந்திரத்தின் மூடியைத் திறந்து சிக்கிய தாளை உருவிக்கொண்டிருந்தாள். விரல்களில் கறுப்பு மை. நிமிர்ந்து பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"எத்தனை காப்பி?" என்றாள்.

"காப்பி இல்லம்மா. ஒரு விஷயம் சொல்லணும்."

அவள் மூடியைச் சாத்திவிட்டு நின்றாள். அவரும் நின்றுகொண்டே சொன்னார். சங்கு ஊதவில்லை. கெட்டுப்போய் ஏழு வாரம் ஆகியிருந்தது. நான் போய்ப் பார்க்கவும் இல்லை. உன் புருஷன்மேல் ஒரு தப்பும் இல்லை.

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் கோபம் இல்லை. நெடுநாளாக வலித்த இடத்தை யாரோ சரியாகத் தொட்டுவிட்டதைப் போன்ற ஒரு பார்வை. "நான் சொன்னேன்" என்றாள் மெதுவாக. "நான் அன்னைக்கே சொன்னேன்."

அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாரம் பாதி இறங்கியவனுக்கு மீதியைச் சுமக்கப் பொறுமை இருக்காது. வாய் தானாக மேலே போயிற்று.

"இன்னொண்ணும் இருக்கும்மா. ஹாரன் சத்தம் கேட்டுச்சு. கதவு ஏறும்போதே. நாலு தடவை. அப்புறம் நீளமா ஒரு தடவை. ரோட்டுல யாரோன்னு நெனச்சுட்டேன். விரலை எடுத்திருந்தா கதவு நின்னிருக்கும். நான் எடுக்கல."

"அவரு வெளியிலதானே இருந்தாரு" என்றாள் அவள். "வண்டியைக் கழுவிக்கிட்டு."

மதகுக்காரருக்கு அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது.

"அப்ப ஹாரனை அடிச்சது யாரு?" அவள் குரல் உயரவில்லை. "பின்சீட்டுல படுத்திருந்தா, தூக்கத்துலயே போயிருப்பா, ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. அந்த ஒண்ணைத்தான் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு ரெண்டு வருஷமா நான் எழுந்திரிக்கிறேன், பல்லு வெளக்கறேன், வேலைக்கு வர்றேன்."

"அம்மா…"

"எவ்வளவு நீளமா?"

அவர் இயந்திரத்தைப் பார்த்தார்.

"நீளமா ஒரு தடவைன்னீங்களே. எவ்வளவு நீளம்?"

"தெரியலம்மா. ரொம்ப நேரம்."

அவள் தலையை ஆட்டினாள், ஏதோ கணக்கை ஒப்புக்கொள்வதைப் போல. பிறகு வாசலைக் காட்டினாள். "போங்க. மனசு லேசாச்சுல்ல? போங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும்வரை மடிப்பதை நிறுத்தவே இல்லை. கடைசிச் சட்டையையும் மடித்து அடுக்கிவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"உங்களுக்குத் தாங்க முடியலைன்னு அவ தலையில எறக்கி வெச்சுட்டு வந்திருக்கீங்க."

"உண்மையைச் சொன்னேன்."

"உண்மைய யாருக்காகச் சொன்னீங்க? அவளுக்கா, உங்களுக்கா? ரெண்டு வருஷமா உங்க பக்கத்துல படுத்திருக்கேனே, எங்கிட்ட சொன்னீங்களா அந்த ஹாரனை? பெத்தவகிட்டதான் மொதல்ல போய்ச் சொல்லணும்னு தோணுச்சா?"

அவர் சுவரோரமாக உட்கார்ந்தார்.

"இன்னும் பதினேழு நாள்ல ரிட்டயர்மென்ட்" என்றாள் அவள், குரல் உடைந்து. "பென்ஷன் போச்சுன்னா நாம என்ன செய்வோம்? உங்க ஆத்மாவுக்குச் சோறு போட நான் பட்டினி கெடக்கணுமா? போன உசிரு திரும்பி வரப்போகுதா?"

"வராது."

"அப்புறம்?"

"அந்த அறிக்கையில அவன் பேரு இருக்குடி. பொண்ணைக் கொன்னவன்னு."

அவள் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மதகுக்காரர் பொறியாளரைப் பார்க்கப் போனார். பொறியாளர் இதற்குள் பதவி உயர்வு பெற்று, குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்திருந்தார். மதகுக்காரர் சொல்லவந்ததைச் சொன்னதும் அவர் கத்தவில்லை, மிரட்டவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் குடிக்கக் கொடுத்தார்.

"பெரியவரே, நானும் தூங்கறதில்ல" என்றார். அதுவும் உண்மையாகத்தான் இருந்திருக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "உங்க மனசாட்சி உங்களைக் குத்துது. சரி. அதுக்கு என்ன வழி? நான் கரைக்குப் போய்ப் பாக்கல, ஹாரன் கேட்டும் நிறுத்தல, தப்பு முழுக்க என்னுதுன்னு எழுதிக் குடுங்க. அந்த டிரைவர் மேல இருக்கற பழி போயிடும். உங்க மனசும் சுத்தமாயிடும். வயசைப் பாத்து தண்டனையும் கொறைவாத்தான் குடுப்பாங்க, வீட்டம்மாவுக்கு வேண்டியதை நான் பாத்துக்கறேன். சங்கு விஷயத்தை மட்டும் எதுக்கு இழுக்கணும்? எனக்கு ரெண்டு சின்னப் புள்ளைங்க இருக்கு."

மதகுக்காரருக்கு அது பிடித்திருந்தது. அதுதான் வினோதம். முழுக்க முழுக்க என் தப்பு என்று எழுதுவதை நினைத்தபோதே உடம்பு லேசானது. யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம், யாரோடும் பங்கு பிரிக்க வேண்டாம். முழுப் பாவத்தையும் தானே ஏற்றுக்கொண்டு தலை குனிந்து போய்விடலாம். கோயில் படியேறுவதைப் போல அன்று சிறைப் படியைக் கற்பனை செய்துகொண்டார்.

அப்படியே நாலு பக்கம் எழுதினார். மூன்று நகல் வேண்டும். வேறு கடைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் அவளிடமே கொண்டுபோனார். அவள் படிக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார்.

ஓட்டுநரின் மனைவி ஒன்பது நாளில் ஒன்பது வயது கூடியவள்போல இருந்தாள். தாள்களை இயந்திரத்தின்மேல் வைக்கப் போனவள் முதல் வரியைப் பார்த்துவிட்டு நின்றாள். நாலு பக்கத்தையும் நின்றபடியே படித்தாள்.

"சங்கு எங்க?" என்றாள்.

"சங்கு…"

"கெட்டுப்போச்சுன்னு அன்னைக்குச் சொன்னீங்க. இதுல இல்லையே. யாரு சரி பண்ணல? யாரு உங்களைப் பொய் சொல்லச் சொன்னாங்க?"

"அதெல்லாம் எதுக்கும்மா? பொத்தானை அழுத்தினவன் நான். பாவம் என்னுது. நான் ஏத்துக்கறேன்."

அவள் தாள்களை மேசைமேல் வைத்தாள். "நான் இந்தக் கடையில தினம் நூறு மனு காப்பி எடுக்கறேன். எல்லா மனுவையும் படிக்கறேன். எந்த மனுவுல பொய் இருக்குன்னு எனக்குத் தெரியும். இதுவும் பொய்தான்."

"நான் என்மேலதானே…"

"உங்க மேல போட்டுக்கிட்டாலும் பொய் பொய்தான். போன தடவை செத்தவர் மேல போட்டீங்க. இந்தத் தடவை உங்க மேல. ரெண்டு தடவையும் தப்பிக்கறது ஒரே ஆளுதானே? நாளைக்கு இன்னொரு அணையில இன்னொரு சங்கு கெட்டுப்போகும். அப்பவும் மேல எழுதியிருக்கோம்பாங்க. பொத்தான் பக்கத்துல உங்களை மாதிரி ஒருத்தர் இருப்பாரு, தூக்கி உள்ள போட."

மதகுக்காரர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்க ஆத்மாவைக் கழுவறதுக்கு எம்பொண்ணு செத்த தண்ணிதான் கெடச்சுதா?" என்றாள் அவள். முதல்முறையாக அவள் குரல் நடுங்கியது. "எனக்கு உங்க பாவம் முழுசும் வேண்டாம். உங்க பங்கு எவ்வளவோ அதை மட்டும் சொல்லுங்க. அவங்க பங்கு எவ்வளவோ அதையும் சொல்லுங்க. என் புருஷனுக்குப் பங்கு இல்லைன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

அவர் மேசையிலிருந்த தாள்களை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னார்: "லெட்டருக்கு நகல் இருக்கு. மூணுக்கும். முத்திரையோட. வீட்டுல இருக்கு."

கார்பன் நகலைப் பற்றிப் பொறியாளருக்குத் தெரியாது. மதகுக்காரரே இரண்டு வருடமாக அதை மறந்ததாகப் பாவனை செய்துகொண்டிருந்தார்.

நகல்கள் பழைய கோப்பு ஒன்றில், மனைவியின் பெட்டிக்குள் இருந்தன. எடுக்கப் போனபோது அவள் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணமான முப்பது வருடத்தில் அவர்கள் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

"அவ என்ன சொன்னா?" என்று கேட்டாள் மனைவி.

சொன்னார்.

மனைவி எழுந்து தள்ளி நின்றாள். "நான் எடுத்துத் தரமாட்டேன்" என்றாள். "நீங்களே எடுத்துக்குங்க."

வழக்கை மறுபடி திறக்கவே பத்து மாதம் ஆயிற்று. அதற்குள் மதகுக்காரரின் ஓய்வூதியத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். உடன் வேலை செய்தவர்கள் எதிரில் வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் தொலைபேசியில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்களாம். மனைவி நாலு வீட்டுத் துணிகளை வாங்கி இஸ்திரி போட ஆரம்பித்தாள். அவரைத் திட்டவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

நீதிமன்றத்தில் பொறியாளரின் வக்கீல் அவரைக் குடைந்து எடுத்தார்.

"அன்னைக்கு விசாரணையில சத்தியம் பண்ணித்தானே சொன்னீங்க?"

"ஆமா."

"அது பொய்யா?"

"பொய்."

"அப்ப இன்னைக்குப் பண்ற சத்தியத்தை மட்டும் நாங்க எப்படி நம்பறது?"

"நம்ப வேண்டாம்" என்றார் மதகுக்காரர். "அதுக்குத்தான் லெட்டரைக் கொண்டுவந்திருக்கேன். என்னை விட்டுட்டு அதைப் பாருங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. ஹாரனைப் பற்றிக் கேட்டபோது மதகுக்காரர் ஓட்டுநரின் மனைவி உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தார். அவள் எழுந்து வெளியே போய்விடுவாள் என்று நினைத்தார். போகவில்லை. இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி கடைசிவரை கேட்டாள்.

தீர்ப்பு இப்படி வந்தது. பழைய அறிக்கை செல்லாது; ஓட்டுநர்மேல் எந்தத் தப்பும் இல்லை. மதகுக்காரருக்கு, கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்தியதற்கும் பொய்ப் பதிவு எழுதியதற்கும் சேர்த்து இரண்டு வருடச் சிறை. பொறியாளருக்கும் ஒரு வருடம் என்றார்கள். அவர் மேல்முறையீடு செய்தார், தீர்ப்பை நிறுத்திவைத்தார்கள், எட்டு மாதத்தில் வேறொரு ஊரில் வேறொரு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் கேள்வி.

சிறையில் மதகுக்காரருக்குச் சலவைக்கூடத்தில் வேலை கொடுத்தார்கள். அங்கே பதினாறு பேர். முதல் நாளே ஒருவன், இரும்புக்கடையில் திருடிவிட்டு வந்தவன், கேட்டான்: "பெருசு, நீ எதுக்கு வந்த? உம்மேல யாரு கேஸ் போட்டா?"

"நானேதான்."

"தப்பு செஞ்சியா?"

"செஞ்சேன்."

அவன் மற்றவர்களைக் கூப்பிட்டான். "டேய், இங்க வாங்கடா. இந்த ஜெயில்லயே தப்பு செஞ்ச ஒரே ஆளு வந்திருக்காரு." பதினைந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மதகுக்காரரும் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் அவருக்கு அங்கே 'தப்புக்காரர்' என்றே பெயராகிவிட்டது.

அவர் எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை. இது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. எல்லாவற்றையும் சொல்லியாயிற்று, தண்டனையும் வாங்கியாயிற்று. இனி ஆத்மா என்று ஒன்று இருந்தால் அது அமைதியடைய வேண்டாமா? அடையவில்லை. துணி பிழியும்போது ஆட்காட்டி விரல் தனியாகத் தெரியும். அந்த விரல்மேல் அவருக்கு வெறுப்பு வரும். பிறகு, விரல் என்ன செய்யும், விரலை வைத்திருந்தவன் நானல்லவா என்று தோன்றும். ஆனால் ஒன்று மாறியிருந்தது. பேச்சு பாதியில் நிற்பதில்லை. யார் எதைக் கேட்டாலும் முழுசாகப் பதில் சொல்ல முடிந்தது. இவ்வளவுதான் மிச்சமா என்று சில நாள் நினைப்பார். சில நாள், இதுவாவது இருக்கிறதே என்று நினைப்பார்.

மனைவி மாதம் இரண்டு முறை பார்க்க வருவாள். கம்பிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து, வீட்டுக் கூரை ஒழுகுவது, மகள் மறுபடி பேச ஆரம்பித்தது, இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடி சூடேறிக் கையைச் சுட்டது என்று சொல்லிக்கொண்டிருப்பாள். ஏழாம் மாதம் ஒருநாள் வந்து உட்கார்ந்தவள் வெகுநேரம் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அவளைப் போய்ப் பாத்தேன்" என்றாள்.

"யாரை?"

"ஜெராக்ஸ் கடையில. கேட்டுட்டேன். அவரை மன்னிச்சுட்டியா தாயின்னு நேராவே கேட்டுட்டேன்."

"ஏன்டி போன?" என்றார் அவர். "அதைக் கேக்க நமக்கு என்ன யோக்யதை இருக்கு?"

"யோக்யதை இல்லதான். எனக்குத் தெரிஞ்சாகணும்போல இருந்துச்சு, போனேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவ கோவிச்சுக்கல. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரச் சொன்னா. அப்புறம் சொன்னா, அக்கா, அதுல மூணு பேரு பங்கு இருக்கு. எம்புருஷன் பங்கையும் பொண்ணு பங்கையும் மன்னிக்க எனக்கு அதிகாரம் கெடையாது, அத அவங்கதான் செய்யணும், அவங்க இல்ல. எம்பங்கு ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு. அதுக்கும் இன்னும் மனசு வரல. பொய் சொல்லிப் பழக்கமில்ல எனக்கு. வந்தா சொல்றேன்னா."

மதகுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வந்தா சொல்றேன்னாளா?"

"ஆமா. வராமலும் போகலாம்னா."

"அதையும் சொன்னாளா?"

"சொன்னா."

காவலர் சாவிக்கொத்தைக் கம்பியில் தட்டி நேரம் ஆயிற்று என்றார்.

"சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றார் மதகுக்காரர். பிறகு எழுந்துகொண்டே கேட்டார்: "கூரைக்கு ஆள் சொல்லிட்டியா?"

"சொல்லியிருக்கேன். திங்கக்கெழமை வர்றேன்னான்."

"வந்தா பக்கத்துல நின்னு பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அவர் சலவைக்கூடத்துக்குத் திரும்பிப் போனார். அங்கே காயப்போட வேண்டிய போர்வைகள் குவிந்து கிடந்தன.